கிரேன் இருக்கிறது என்பதற்காகத் தூக்கிவிடக் கூடாது

திருமங்கலத்தில் எங்கள் பட்டறை வாசலில் நிற்கும் மஞ்சள் வண்டியை முதன்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “இது எத்தனை டன் தூக்கும்?” இந்தப் பதினாறு பதினேழு ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் விடை இரண்டு முறை மாறிவிட்டது. வாங்கிய புதிதில் ஐந்து டன் என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு, எவ்வளவு தூரத்தில் தூக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம், எதற்காகத் தூக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

வண்டி ஒரு சக்திமான். ஜெர்மனியின் மான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த 1950-களின் இறுதியில் ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் கட்டத் தொடங்கி, பின்னர் 1969-இல் அதே ஊரில் எழுந்த வாகனத் தொழிற்சாலையில் தொடர்ந்து, 1990-களின் நடுப்பகுதி வரை நம் ராணுவத்துக்காக உற்பத்தியான நாலுசக்கர இயக்க லாரி அது. மூக்கு நீண்ட பழைய பாணி முகமும், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினும், பவர் ஸ்டீயரிங் இல்லாததால் ஓட்டுகிறவனுக்கு நாளடைவில் வந்து சேரும் தோள்வலியும் அதன் அடையாளங்கள். என்னுடையது 1984-ஆம் ஆண்டு வண்டி. பின்பக்கத்தில் ராணுவப் பணிமனையிலேயே பூட்டிய, சேனல் இரும்பாலான ‘ஜிப்’ என்ற தூக்குக் கையும், எஞ்சின் வலுவை கியர் பெட்டியிலிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாக வாங்கிச் சுழன்று இரும்புக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் ஐந்து டன் வின்ச்சும் இருக்கின்றன. ஹைட்ராலிக் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. நெம்புகோல், பல்சக்கரம், இரும்புக் கயிறு, கப்பி, இவ்வளவுதான்.

2008-ஆம் ஆண்டு ஜபல்பூரில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட வண்டிகளை மொத்தமாக எடுத்த ஒரு வியாபாரியிடமிருந்து இதை வாங்கினேன். அப்போது நம் நான்குவழிச் சாலைக்கு ஏழாம் எண் என்றுதான் பெயர். வாரணாசியில் தொடங்கி ஜபல்பூர், நாக்பூர், ஐதராபாத், பெங்களூர், சேலம் வழியாக மதுரைக்கு வந்து கன்னியாகுமரியில் முடிந்த அந்தச் சாலை, பிறந்த ஊரிலிருந்து எங்கள் பட்டறை வாசல் வரை வண்டியை ஒரே கோட்டில் கொண்டுவந்து சேர்த்தது. 2010-இல் எண்களை மாற்றியபோது நம் பகுதி 44 ஆகிவிட்டது. ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தூரத்தையும் அது சொந்தக் காலில் கடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விழுந்த வண்டிகளை இழுத்து வருவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி, ஒரு டிரெய்லரின் முதுகில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு கப்பலூர் வரை வந்தது. இறக்குவதற்கு நான் வேறொரு கிரேனை வாடகைக்குப் பிடித்தேன். அந்தக் கிரேன்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

பதிவு செய்த கதையை நீட்ட விரும்பவில்லை. பதினான்கு மாதங்கள் ஆயின. ஏலத்தில் விடுவித்த ஆணையில் இருந்த சேசிஸ் எண்ணில் ஓர் இலக்கம் தட்டச்சில் தவறியிருந்ததும், காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்த எண்ணோடு அது ஒத்துப்போகாததும், அதைத் திருத்தித் தரவேண்டிய மேசை எது என்பதை எந்த மேசையும் ஒப்புக்கொள்ளாததும்தான் காரணம். இடையில் வண்ணமும் மாற்ற வேண்டியிருந்தது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதியின்படி, பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமல்லாத எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது. எனவே, வண்டியின் அழகில் பாதியைச் சுரண்டி எடுத்துவிட்டு மஞ்சள் அடித்தேன். முன் பம்பரில் இருந்த ராணுவ எண்ணை மட்டும், வண்ணம் பூசும் முன் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டேன். மேல்நோக்கிய அம்புக்குறி, ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கம், பின் ஓர் எழுத்தும் வரிசை எண்ணும். பிரிட்டிஷ் அரசு தன் உடைமைகளில் எல்லாம் பொறித்துவந்த அம்பின் மிச்சம் அது.

வண்டி வந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வதென்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் பேரையூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் ஈ.எம்.ஈ. படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். 1943 அக்டோபர் 15-ஆம் நாள் தொடங்கப்பட்ட அந்தப் படைப்பிரிவுதான் ராணுவத்தின் வண்டிகளைப் பழுது பார்ப்பதும், சேற்றிலும் பனியிலும் சிக்கியவற்றை மீட்டு வருவதும். எங்கள் அம்மா வழியில் தூரத்து உறவு என்பதால் அவரை மாமா என்றே அழைப்பேன். முதல் நாள் வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், ஜிப்பைத் தட்டிப் பார்த்தார், பிறகு சொன்னது இதுதான்: “மாப்ள, இந்தக் கொக்கிய மறந்துரு. ஒனக்குச் சோறு போடப்போறது கயிறுதான்.”

அவருடைய பேச்சில், சிக்கிக் கிடக்கும் வண்டிக்கு ‘கேஷுவாலிட்டி’ என்று பெயர். படைவீரன் காயப்பட்டு விழுந்தால் எந்தச் சொல்லோ, அதே சொல்தான் லாரி கவிழ்ந்தாலும். தொடக்கத்தில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு அதன் பொருத்தம் புரிந்தது. காயப்பட்டவனைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துவிட மாட்டோம், எங்கே அடிபட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்போம் அல்லவா? அவரும் போன இடத்தில் முதல் அரை மணி நேரம் எதையும் தொட மாட்டார். வண்டியைச் சுற்றி வருவார், சக்கரம் எவ்வளவு புதைந்திருக்கிறது என்று குச்சியால் அளப்பார், பாரம் என்ன என்று ஓட்டுநரிடம் கேட்பார், பிறகு தார்ச்சாலையிலேயே சுண்ணாம்புக் கட்டியால் கணக்குப் போடுவார்.

அந்தக் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இத்தனை ஆண்டுகளில் நான் கற்றவற்றுள் மிகவும் பயன்பட்டது இதுதான். சக்கரம் உருளும் நிலையில் உள்ள ஒரு வண்டியைக் கெட்டியான தார்ச்சாலையில் இழுக்க அதன் எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு விசை போதும். புல்தரையில் ஏழில் ஒரு பங்கு வேண்டும். மேலோட்டமான சேற்றில் மூன்றில் ஒரு பங்கு. ஒட்டிப்பிடிக்கும் களிமண்ணிலும் சதுப்பிலும் பாதி. மேட்டில் ஏற்ற வேண்டுமென்றால், சரிவின் ஒவ்வொரு பாகைக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு உருளவே மறுத்தால், தார்ச்சாலையிலேயே மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிடும். எல்லாவற்றையும் கூட்டி, கிடைத்த தொகையில் கால் பங்கைக் காப்புக்காக மேலும் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கில் தோற்ற எனக்கு, இதை மனத்துக்குள் போட இப்போது இரண்டு நிமிடம் போதும்.

நம் பகுதியில் இந்தக் கணக்கின் எல்லா வரிகளுக்கும் வேலை உண்டு. மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் ஒரு விதம், சோழவந்தான் வயல்கள் இன்னொரு விதம். திருமங்கலத்துக்குத் தெற்கே கள்ளிக்குடி, கல்லுப்பட்டி, காரியாபட்டி என்று விரியும் கரிசல்காடு இருக்கிறதே, அது தனி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பாறைபோலக் கிடக்கும் அதே மண், ஐப்பசி மழையில் இரண்டு உழவு மழை பெய்துவிட்டால் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்ளும். கரிசலில் இறங்கிய சக்கரத்தில் மண் அப்பி அப்பி, வரிப்பள்ளம் எல்லாம் மறைந்து, டயர் உருண்டையான அம்மிக்குழவி போல ஆகிவிடும். அந்த நிலையில் எத்தனை வலுவான எஞ்சினும் தன் குழியைத்தான் ஆழப்படுத்திக்கொள்ளும்.

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாத விடியற்காலையில், தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிவந்த லாரி ஒன்று, அருப்புக்கோட்டை தாண்டியதும் சுங்கச்சாவடிக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கிளைச் சாலையில் திரும்பி, எதிரே வந்த ஆட்டு மந்தைக்கு ஒதுங்கப் போய், சாலையோரம் கரைந்து, கரிசலில் இறங்கிவிட்டது. நான் போனபோது மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பின்சக்கரங்களும் ஆக்சில் வரை புதைந்திருந்தன. அதற்கு முன்பே யாரோ ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி கட்டி இழுத்து, லாரியின் முன் கொக்கியைப் பிய்த்து வைத்திருந்தார்கள். ஓட்டுநர் விழித்த கண்ணோடு நின்றார். தொலைபேசியில் இருந்த லாரி முதலாளியோ, “கிரேன்தான வந்திருக்கு, தூக்கி ரோட்டுல வைக்கச் சொல்லு” என்று அவரிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

கணக்கு எளியது. காலி லாரி ஏழு டன், உப்பு ஒன்பது டன், மொத்தம் பதினாறு. கரிசலுக்குப் பாதி என்றால் எட்டு டன். சாலைக்கு ஏறும் சரிவு ஆறு பாகை என்று வைத்தால் அதற்கு 1.6 டன். ஆக 9.6, காப்புக் கால் பங்கு சேர்த்தால் பன்னிரண்டு. என் வின்ச் ஐந்து டன். கப்பிகளை இரண்டு முறை மாற்றிப் பூட்டிக் கயிற்றை மூன்று மடிப்பாக்கினால், உராய்வில் போவது போகப் பன்னிரண்டு டன்னை ஒருவாறு எட்டிப்பிடித்துவிடலாம். வழக்கமாக எல்லோரும் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுவார்கள். ஆனால், கப்பி எத்தனை போட்டாலும் அந்தப் பன்னிரண்டு டன்னையும் தாங்கி நிற்க வேண்டியது என் வண்டி. எடைமேடையில் அதன் எடை 7 டன் 400 கிலோ. பிரேக்கைப் பூட்டிய நிலையில், உலர்ந்த தாரிலேயே அது பிடித்து நிற்கக்கூடியது எடையில் மூன்றில் இரண்டு, அதாவது ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பன்னிரண்டு டன் விசையில் இழுத்தால் உப்பு லாரி மேலே வராது, என் சக்திமான்தான் கீழே போய் அதன் பக்கத்தில் உட்காரும்.

முன்பெல்லாம் இதற்கு விடை சாலையோரத்திலேயே நின்றது. புளியமரத்தில் சங்கிலியைக் கட்டி வண்டியை நங்கூரமிட்டுவிடுவார்கள். சாலைகளை அகலப்படுத்தியபோது அந்த மரங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. நிழல் போனதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், என்னைப் போன்றவர்களுக்குக் கட்டுத்தறி போனதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

எனவே, பாரத்தை இறக்கச் சொன்னேன். ஐம்பது கிலோ மூட்டை, 180 மூட்டைகள். மழையில் உப்பை இறக்குவதா என்று முதலாளி கத்தினார், சுமைக்கூலி யார் கொடுப்பது என்றார், வேறு கிரேனைக் கூப்பிடுவேன் என்றார். தாராளமாகக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து தேநீர் குடித்தேன். இருபது நிமிடம் கழித்துச் சம்மதம் வந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஆறு பேர் வந்து, சாலையில் தார்ப்பாய் விரித்து, ஒன்றரை மணி நேரத்தில் இறக்கி, மேலே இன்னொரு தார்ப்பாயால் மூடினார்கள். இப்போது லாரி ஏழு டன். மண்ணுக்கு மூன்றரை, சரிவுக்கு 0.7, காப்போடு சேர்த்து ஐந்தேகால். சக்கரங்களுக்கு முன்னால் இருந்த சேற்றை மண்வெட்டியால் சரிவாக வெட்டி எடுத்தோம். அதிலேயே கணிசமான விசை குறைந்திருக்கும், ஆனால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது மாமா போட்ட விதி. என் வண்டியைச் சாலைக்குக் குறுக்காக, பின்பக்கம் லாரியைப் பார்க்க நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு அடியில் பழைய தண்டவாளக் கட்டைகளைக் கொடுத்து, லாரியின் ஆக்சிலைச் சுற்றிச் சங்கிலி போட்டு, அதில் கப்பியை மாட்டி, கயிற்றை இரட்டையாக்கினேன். கயிறு இறுகியதும் அதன் நடுவில் நனைந்த சாக்கு இரண்டைப் போட்டோம். தப்பித்தவறிக் கயிறு அறுந்தால் அது சாட்டையாகச் சுழன்று வருவதைச் சாக்கின் எடை கொஞ்சமாவது அமுக்கும். கயிற்றின் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது என்று வேடிக்கை பார்த்தவர்களை விலக்கியது, மூட்டை இறக்கியதைவிடக் கடினமான வேலையாக இருந்தது.

இழுத்த நேரம் நான்கு நிமிடம். ஜிப்பின் கொக்கி அன்றைக்கு முழுவதும் கட்டிய இடத்திலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உப்புநீர் பட்ட கயிற்றை முழுதாகப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவச் சாயங்காலம் ஆகிவிட்டது.

தூக்குவது ஏன் கடைசி வழி என்பதையும் சொல்ல வேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே நான்கு மீட்டர் என்றும், ஜிப்பின் நுனி பின் ஆக்சிலிலிருந்து இரண்டு மீட்டர் வெளியே என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் மூன்று டன் தொங்கினால், பின் ஆக்சில் ஏற்றமரத்தின் அச்சாக மாறி, முன் ஆக்சிலிலிருந்து ஒன்றரை டன்னை எடுத்துவிடும். என் வண்டியின் முன் ஆக்சிலில் இருப்பதே 2 டன் 600 கிலோ. மிஞ்சுவது 1 டன் 100 கிலோ. ஸ்டீயரிங் திடீரென்று பூப்போலச் சுற்றும், அந்த இதத்தில் மயங்கியவர்கள்தான் வளைவில் நேராகப் போய் வாய்க்காலில் இறங்குகிறார்கள். ஐந்து டன்னைத் தாண்டினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொள்ளும். ஜிப்பை இன்னும் நீட்டித் தூக்கச் சொன்னால், தூரம் இரட்டிப்பாகும்போது எடை பாதியாக வேண்டும் என்பதைக் கேட்கிறவர்கள் யாரும் நினைப்பதில்லை.

ஒருமுறை வாடிப்பட்டிக்கு மேற்கே தோட்டத்துக் கிணற்றில் டிராக்டர் விழுந்துவிட்டது என்று அழைத்தார்கள். நல்ல வேளையாக ஓட்டியவர் குதித்துத் தப்பியிருந்தார். கைப்பிடிச் சுவர் இல்லாத, நாற்பதடி ஆழமுள்ள மண்கிணறு. டிராக்டரின் எடை இரண்டு டன்தான், கேட்பதற்குச் சிறியது. ஆனால், விளிம்பிலிருந்து கிணற்றின் ஆழத்துக்குச் சமமான தூரமாவது தள்ளி நிற்காவிட்டால் மண் சரியக்கூடும். அத்தனை தூரம் என் ஜிப் எட்டாது. கிட்டே போனால் எட்டும், எட்டிய பிறகு இரண்டு வண்டி கிணற்றுக்குள் கிடக்கும். முடியாது என்று சொல்லிவிட்டு, நீண்ட கை உள்ள ஹைட்ராலிக் கிரேன் வைத்திருப்பவரின் எண்ணைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அன்றைய டீசல் செலவு என்னுடையது. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கிற வண்டியில் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வருவது எளிதல்ல, அதற்கும் கொஞ்சம் பழக வேண்டியிருந்தது.

இவ்வளவு பேசுகிற நானும் ஒருமுறை அவசரப்பட்டுத் தோற்றிருக்கிறேன். வின்ச்சை எஞ்சினோடு இணைக்கும் இடத்தில் ஷியர் பின் என்று ஒரு சிறு முளை உண்டு. சுண்டுவிரல் பருமன், மெல்லிரும்பு. பாரம் அளவுக்கு மீறினால் கயிறோ பல்சக்கரமோ உடைவதற்கு முன் தான் முறிந்து, எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுவதுதான் அதன் பிறவிப்பயன். 2013-இல் சோழவந்தான் பக்கம் ஒரு நெல் அறுவடை இயந்திரம் வயலில் அமிழ்ந்துவிட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. முளை ஒன்று முறிந்தது, மாற்றினேன். மறுபடி முறிந்தது, மாற்றினேன். மூன்றாவதும் முறிந்து, கையில் வேறு இல்லாமல் போனபோது, கருவிப் பெட்டியில் தலையில் 8.8 என்று பொறித்த ஹை டென்சில் போல்ட் ஒன்று கண்ணில் பட்டது. அளவும் சரியாகப் பொருந்தியது. மாமா ஊரில் இல்லை. இருந்திருந்தால் அந்த போல்ட்டைப் பிடுங்கி வயலில் எறிந்திருப்பார்.

போல்ட் முறியவில்லை. அதற்குப் பதிலாக வின்ச்சுக்குள்ளிருந்து, முறுக்கைக் கடித்தது போலத் தொடர்ந்து ஐந்தாறு முறை சத்தம் வந்தது, பிறகு டிரம் நின்றுவிட்டது. மறுநாள் பட்டறையில் வின்ச்சின் அடித்திருகைத் திறந்து எண்ணெயை வடித்தேன். கறுப்பு எண்ணெயில் மஞ்சள் தூளைக் கரைத்தது போல மினுமினுவென்று வந்தது. உள்ளே இருந்த வெண்கலப் பல்சக்கரத்தில் ஒன்பது பற்கள் வேரோடு போயிருந்தன. இந்த வின்ச்சின் இதயமே அந்தச் சக்கரமும், அதை உரசிச் சுழற்றும் திருகுபோன்ற எஃகுத் தண்டும்தான். தண்டு சக்கரத்தைச் சுற்றும், சக்கரத்தால் தண்டைத் திருப்பிச் சுற்ற முடியாது. எஞ்சின் அணைந்தாலும் பாரம் கீழே இறங்காமல் நிற்பது பெரும்பாலும் அந்தக் குணத்தால்தான், ஆனாலும் அதை மட்டும் நம்பாமல் பிரேக்கும் வைத்திருக்கிறார்கள்.

சக்திமான் உற்பத்தி நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. எஞ்சின் பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையிலும், அங்கே கிடைக்காவிட்டால் டெல்லி மாயாபுரியிலும் தேடினால் ஏதாவது கிடைக்கும். வின்ச் சக்கரம் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் கப்பலூர் சிட்கோவில் பற்கள் வெட்டித்தர ஒருவர் முன்வந்தார், வார்ப்பைக் கொண்டுவந்தால். வார்ப்புக்கு நான் போன இடம், கோயில் மணி வார்க்கும் ஒரு பெரியவரின் பட்டறை. நூற்றுக்கு எழுபத்தெட்டு செம்பு, இருபத்திரண்டு வெள்ளீயம் என்பது அவர் கை தானாகவே அள்ளும் அளவு. மணிக்கு அது சரி, ஓசை நிற்கும். ஆனால், அத்தனை வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை கொண்டுவிடும், பற்களுக்கு ஆகாது. சக்கரத்துக்கு வேண்டியது கன்மெட்டல்: செம்பு எண்பத்தெட்டு, வெள்ளீயம் பத்து, துத்தநாகம் இரண்டு. பெரியவர் அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, உடைந்த பழைய பல் ஒன்றைக் கையில் வாங்கிக் கல்லில் தட்டினார், காதருகே வைத்துக் கேட்டார். “இது பேசாதுங்க தம்பி. ஊமை உலோகம்” என்றார். ஊமையாகத்தான் வேண்டும் என்றேன். அவருடைய வார்ப்பில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லை என்று பல் வெட்டியவர் பிறகு என்னிடம் சொன்னார். எல்லாம் முடிய மூன்று வாரமும் முப்பத்து நாலாயிரம் ரூபாயும் ஆயின. முறிந்திருக்க வேண்டிய முளையின் விலை அன்று பதினைந்து ரூபாய்.

அந்த அறுவடை இயந்திரம்? மறுநாள் வெயிலடித்து வயல் சற்று இறுகியதும், பனங்கட்டைகளைச் சங்கிலிப் பட்டைக்கு அடியில் கொடுத்துத் தானாகவே ஏறி வந்துவிட்டதாம்.

இன்றைக்கு நான்குவழிச் சாலையில் எனக்கு வேலை குறைவு. 1033-ஐ அழைத்தால் சுங்கச்சாவடியின் கிரேன் வந்துவிடுகிறது, ஊருக்குள் ஹைட்ரா என்னும் சிறு கிரேன் வண்டிகள் ஏராளம், கார்களுக்குத் தட்டைத் தளம் கொண்ட லாரிகள் இருக்கின்றன. தார் முடிகிற இடத்தில்தான் என் எல்லை தொடங்குகிறது. கண்மாய்க்கரை, வண்டிப்பாதை, ஓடை, உழுத காடு. முன் ஆக்சிலுக்கும் வலுவைக் கொடுத்தால், பாரமில்லாத சக்திமான் போகாத இடம் குறைவு. மாதத்தில் நான்கைந்து அழைப்பு வரும், ஐப்பசி கார்த்திகையில் பத்தைத் தாண்டும். மீதி நாட்களில் அது நின்றுகொண்டே தின்கிறது: பேட்டரி இரண்டு, காப்பீடு, தகுதிச் சான்று, ஆண்டுக்கொரு முறை கயிறு. 16 மில்லிமீட்டர் கயிறு அறுபடும் விசை சுமார் பதினைந்து டன். தூக்கும்போது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை என்பதால், கயிறு பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடுகிறேன். பழைய கயிற்றைக் கேட்டு வாங்கிப்போக எப்போதும் நாலு பேர் காத்திருக்கிறார்கள், அவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது என்பதால், துண்டு துண்டாக வெட்டித்தான் கொடுக்கிறேன்.

1916-இல் அமெரிக்காவின் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற பட்டறைக்காரர், ஓடையில் கவிழ்ந்த ஒரு காரைப் பலர் சேர்ந்து மணிக்கணக்கில் மீட்ட அலுப்பில், தன் 1913-ஆம் ஆண்டுக் காடிலாக் காரின் பின்னால் மூன்று கம்பங்களையும் ஒரு கப்பியையும் சங்கிலியையும் பூட்டினாராம். உலகின் முதல் மீட்பு வண்டி அதுதான் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் டைமண்ட் டி லாரிகளின் முதுகில் ஏறிப் போர்க்களம் போனதும் அவர் நிறுவனத்தின் இரட்டை ஜிப்தான். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி, அந்த முதல் வண்டி முதல் முறை மூக்கைத் தூக்கியதா இல்லையா என்பது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மாமா இப்போது வெளியே வருவதில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பெரிய வேலை வந்தால் இடத்திலிருந்து தொலைபேசியில் எடையும் சரிவும் சொல்வேன், அவர் மறுமுனையில் போட்டுப் பார்ப்பார், இருவர் தொகையும் ஒத்துவந்தால்தான் வின்ச்சைப் பூட்டுவேன். எங்கள் பையன் கல்லூரி விடுமுறையில் வரும்போது கைப்பேசியில் அதே கணக்கைப் போட்டு எங்கள் இருவரையும் முந்திவிடுகிறான், ஆனால் சரிவைக் கண்ணால் பார்த்து ஆறு பாகையா எட்டா என்று சொல்ல இன்னும் வரவில்லை.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கட்டித் தொங்குகிறது. அதில் மெல்லிரும்பு முளைகள் எப்போதும் ஒரு டஜன் இருக்க வேண்டும் என்பது 2013-க்குப் பிறகு நானே போட்டுக்கொண்ட விதி. நேற்று எண்ணிப் பார்த்தேன், ஏழுதான் இருந்தன. வானிலை அறிக்கையில் மழை சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் கப்பலூர் போய் ஐந்து கடைந்து வாங்கி வர வேண்டும்.